6.2 என்று எழுதியிருக்கிறது, சரி, என்ன 6.2?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில், தரவு அறிவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அரைப் பக்கத்துக்கு வந்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள், வரட்டும், எனக்கும் அதே ஆசைதான். ஆனால் அந்தக் கட்டுரை முழுக்க ஒரு பையன், ஒரு மடிக்கணினி, ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருள் என்று தனி ஆள் வித்தை மாதிரியே இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் சிப் சோதனைப் பிரிவில் எண்களோடு மாரடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வேலையில் தனி ஆள் என்று ஒருவர் கிடையவே கிடையாது. ஒருவர் அளப்பார், ஒருவர் சேர்ப்பார், மூன்றாமவர் கணக்குப் போடுவார், நான்காமவர் வேறு நாட்டில் உட்கார்ந்து அதை வைத்து முடிவெடுப்பார். இந்த நாலு பேருக்கும் நடுவில் கைமாறும்போதுதான் பாதி வேலை கெடுகிறது. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, படிப்பிலும் அழுத்திச் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது, இடம் இல்லாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆற்றுக் கதையை மட்டும் விட்டுவையுங்கள்.

என் மகள் பொறியியல் கடைசி ஆண்டு. மூன்று கல்விக்கூட மாணவர்கள் சேர்ந்து செபராங் பிறையில் ஓடும் ஓர் ஆற்றின் நீர்த்தரத்தை அளந்து பார்ப்பது என்று ஒரு திட்டம். ஒரு குழு ஆற்றோரமாகப் போய்க் கருவியை நீரில் இறக்கி அளக்கும், இன்னொரு குழு பாட்டிலில் நீரை எடுத்துப் போய் ஆய்வகத்தில் சோதிக்கும், என் மகளின் குழு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடும். எல்லாரும் நல்ல பிள்ளைகள், வெயில் மழை பார்க்காமல் அலைந்தார்கள், அட்டை கடித்த கதையெல்லாம் வீட்டுக்கு வந்தது, புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நாளுக்கு நாற்பது படம். கடைசி மாதம் மூன்று பேரின் ஃபைல்களையும் ஒன்றாகச் சேர்க்க உட்கார்ந்தபோதுதான் வினை. மலையடிவாரத்தில், இவர்கள் பாறைமேல் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்ட இடம், அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்த நீர், அந்த இடம் கணக்கில் 'சற்று மாசடைந்தது' என்று வந்தது. கீழே, கடைகளும் பட்டறைகளும் தாண்டி வரும் இடம் அதைவிட ஒரு புள்ளி கூடுதலாக நல்ல பெயர் வாங்கியிருந்தது. இரவு பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "அப்பா, எங்க ஆறு தலைகீழா ஓடுது" என்றாள்.

நான் தண்ணீர்க்காரன் இல்லை. ஆனால் எண்களைப் பார்த்துப் பழகிய கண். கரைந்த உயிர்வளி (நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்) என்ற பத்தியில் மேற்பகுதி இடங்களுக்கு 6.2, 6.5, 5.9 என்று இருந்தது. கீழ்ப்பகுதி இடங்களுக்கு 52, 47, 58. "6.2 என்று எழுதியிருக்கிறது, சரி, என்ன 6.2?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அளந்த குழுவிடம் கேட்டாள், பதில் மறுநாள் மதியம் வந்தது. மேற்பகுதிக்கு எடுத்துப் போன கருவி லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். கீழ்ப்பகுதிக்கு வேறு ஓர் ஆய்வகத்தில் இரவல் வாங்கிய கருவி விழுக்காட்டில் காட்டும், அதாவது அந்த நீர் அதிகபட்சம் தாங்கக்கூடிய உயிர்வளியில் எத்தனை பங்கு இருக்கிறது என்று. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டார்கள், தலைப்பில் அலகு இல்லை.

இதில் யாரையும் திட்ட முடியாது என்பதுதான் வேடிக்கை. நம் நாட்டில் இரண்டு அலகுமே முறையானவைதான். ஆறுகளை வகுப்பு பிரிக்கும் தேசியத் தரத்தில் மில்லிகிராம் கணக்கு. ஆனால் சுற்றுச்சூழல் துறை பயன்படுத்தும் நீர்த்தரக் குறியீட்டின் சூத்திரம் விழுக்காட்டைத்தான் கேட்கும். 6 அளவுகளைச் சேர்த்துப் போடும் அந்தக் குறியீட்டில் கரைந்த உயிர்வளிக்குத்தான் அதிக எடை, 0.22. விழுக்காடு 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்தப் பகுதிக்குச் சூத்திரம் பூச்சியம் போட்டுவிடும். நம் ஊர் வெப்பத்தில், 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 7.8 மில்லிகிராம் உயிர்வளியைத்தான் தாங்கும். அப்படிப் பார்த்தால் 6.2 மில்லிகிராம் என்பது 80 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, அதற்கு 100க்கு 89 மதிப்பெண். சூத்திரம் அதை 6.2 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டு பூச்சியம் கொடுத்தது. மொத்தக் குறியீட்டில் இருபது புள்ளி போச்சு. 92 வர வேண்டிய இடம் 72க்கு வந்து நின்றது. ஆற்றில் ஒரு மீன்கூடச் சாகவில்லை, எக்செலில் எல்லாம் செத்துவிட்டது.

நல்லவேளை, தலைகீழாக வந்ததால் கண்டுபிடித்தாள். பார்க்க நியாயமாக இருக்கிற மாதிரி ஒரு தப்பான எண் வந்திருந்தால் அப்படியே அறிக்கையில் போயிருக்கும், அடுத்த வருடம் யாராவது அதை மேற்கோள் காட்டியிருப்பார்கள்.

மாணவர்கள்தானே, கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். 1998 டிசம்பரில் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று, கோளைச் சுற்ற ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில் காணாமல் போனது இதே கதைதான். கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் மென்பொருள் உந்துதலின் அளவைப் பவுண்டு-விநாடியில் எழுதியது, வழிநடத்திய குழு அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நாலரை மடங்கு வித்தியாசம். ஒன்பது மாதப் பயணத்தில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, கடைசியில் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாக, சுமார் 57 கிலோமீட்டர் உயரத்தில் செவ்வாயின் காற்று மண்டலத்துக்குள் போய்விட்டது. உலகத்திலேயே கெட்டிக்கார ஆட்கள் இரண்டு பக்கமும். குழுக்களுக்கு நடுவே பேச்சு சரியாக இல்லை என்று விசாரணைக் குழுவே எழுதியது.

எங்கள் ஆலையிலும் இப்படி நிறைய உண்டு. இருபது வருடத்துக்கு முன்னால் எங்களுக்கும் வேறு நாட்டில் இருந்த கிளைக்கும் சேர்த்து ஒரே அறிக்கை என்று முடிவு செய்தார்கள். இங்கே ஏழாம் நம்பர் டெஸ்டர் (சிப்பைச் சோதிக்கும் இயந்திரம்), அங்கேயும் ஒரு ஏழாம் நம்பர் டெஸ்டர். சேர்த்தபோது இரண்டும் ஒன்றாகிவிட்டன. எங்கள் யீல்டு (தேறும் சிப்புகளின் விழுக்காடு) விழுந்துவிட்டது என்று லாட்டுகளை, அதாவது சிப் தொகுதிகளை, ஹோல்டில் நிறுத்தி வைத்து, இரண்டு நாள் நல்ல இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுத் தேடினோம். அப்புறம் தேதி. நாம் நாள், மாதம், வருடம் என்று எழுதுவோம், அமெரிக்கக்காரர்கள் மாதத்தை முன்னால் போடுவார்கள், 03/04 என்றால் ஏப்ரல் மூன்றா மார்ச் நாலா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால் அவர்கள் ஊரில் இரவு. ஜெர்மன்காரர்களோடு வேலை செய்தால் இன்னொரு கூத்து, தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இருக்கும். 1,250 என்றால் நமக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது, அவர்களுக்கு ஒன்றே கால்.

இதெல்லாம் பொதுவான தொல்லை. நமக்கென்றே சில தனித் தொல்லைகள் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

என் பெயரில் ஏ/எல் இருக்கிறது, இன்னாரின் மகன் என்பதற்கான மலாய்ச் சுருக்கம், மகள் என்றால் ஏ/பி. இந்த நாட்டில் பிறந்த நம்மில் பெரும்பாலோர் பெயரில் ஏ/எல் அல்லது ஏ/பி, பழைய ஆவணங்களில் அதற்கே ஆங்கிலத்தில் எஸ்/ஓ, டி/ஓ. அந்தச் சாய்கோடு கணினிக்கு எவ்வளவு கசப்பு என்று அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். விண்டோஸில் ஃபைல் பெயரில் சாய்கோடு போடவே விடாது. லினக்ஸ் வகைக் கணினியில் அதற்குக் கோப்புறை பிரி என்று அர்த்தம். ஒருமுறை எங்கள் பயிற்சிச் சான்றுகளை எல்லாம் ஆள் பெயரிலேயே சேமிக்கும் ஒரு நிரலை வெளிநாட்டுக் குழு எழுதி அனுப்பியது. மலாய் நண்பர்கள், சீன நண்பர்கள் சான்றெல்லாம் பட்டியலில் வரிசையாக இருந்தது. எங்கள் ஆட்கள் ஒருத்தர் சான்றும் இல்லை. போய்த் தேடினால், என் பெயரின் முன்பாதியும் 'ஏ'யும் சேர்ந்து ஒரு கோப்புறை ஆகி, அதற்குள்ளே 'எல்'லும் என் அப்பா பெயரும் சேர்ந்து ஒரு ஃபைலாக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிரிவில் இருந்த பத்துப் பன்னிரண்டு தமிழர்களுக்கும் அதே கதி. எங்கள் அப்பாக்கள் எல்லாரும் கோப்புறைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் கட்டாயம் நிரப்பச் சொல்லும் படிவங்களில் அப்பா பெயரை எழுதி, 'மிஸ்டர்' என்று போட்டு அப்பாவையே கூப்பிட்டு வரும் மின்னஞ்சல்கள் தனிக் கதை.

எழுத்துக்கூட்டல் அதைவிட மோசம். ஒரே லட்சுமி, ரோமன் எழுத்தில் பிறப்புப் பத்திரத்தில் லெச்சுமி, கிளினிக் அட்டையில் லெட்சுமி, மகள் நிரப்பிய படிவத்தில் லக்ஷ்மி. சுப்பிரமணியத்துக்கு எத்தனை வடிவம் என்று நான் எண்ண முயன்று விட்டுவிட்டேன். பெயரை வைத்து இரண்டு பட்டியலைச் சேர்த்தால் ஒரு பாட்டி மூன்று பாட்டியாகிவிடுவார்.

பெயர் வேண்டாம், அடையாள அட்டை எண்ணை வைத்துச் சேர்க்கலாம் என்பார்கள். எங்கள் வட்டாரத்தில் இரண்டு அமைப்புகள் சேர்ந்து நடத்திய மருத்துவ முகாமில் அதைத்தான் செய்தார்கள், நானும் கணினிப் பக்கம் உதவிக்குப் போயிருந்தேன். அட்டை எண் பன்னிரண்டு இலக்கம், முதல் ஆறு இலக்கம் பிறந்த வருடம், மாதம், நாள், அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்கு என்றால் 07. இப்போது 2003இல் பிறந்த பையனுடைய எண் பூச்சியத்தில் தொடங்கும். எக்செல் அதை ஒரு சாதாரண எண் என்று நினைத்து முன்னால் இருக்கும் பூச்சியத்தைத் தூக்கி எறிந்துவிடும், மிச்சம் பதினோரு இலக்கம். 2000இல் பிறந்தவர்களுக்கு இரண்டு பூச்சியம் போகும், செப்டம்பருக்குள் பிறந்திருந்தால் மூன்று, மிச்சம் பத்து அல்லது ஒன்பது. ஓர் அமைப்பு அந்தப் பத்தியை எழுத்தாக வைத்திருந்தது, இன்னொன்று எண்ணாக. சேர்த்துப் பார்த்தால் 2000 முதல் 2009 வரை பிறந்த ஒருவர்கூடப் பொருந்தவில்லை. முகாமுக்கு இளைஞர்கள் ஒருவர்கூட இரண்டாம் முறை வரவில்லை, நம் இளைஞர்களுக்கு உடல்நலத்தில் அக்கறையே இல்லை என்று ஒரு பெரியவர் மேடையில் பேசவே ஆரம்பித்துவிட்டார். அவர்கள் வந்திருந்தார்கள், பூச்சியம்தான் வரவில்லை. அதே முகாமில் ஒருவர் சென்னையிலிருந்து வாங்கி வந்த கருவியில் சர்க்கரை அளந்து மில்லிகிராம் கணக்கில் 126 என்று எழுதியிருந்தார், இங்கே நம் மருத்துவமனையின் மில்லிமோல் கணக்கில் அது 7.0. அது பரவாயில்லை, எண்ணைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். (அட்டை எண்ணைப் பட்டியலாக வைத்து நாலு பேர் கைமாற்றுவதே சரியில்லை, 2010இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது, ஆளுக்கு ஒரு முகாம் எண் கொடுத்தால் முடிந்தது. அது வேறு சண்டை.)

எக்செலைக் குறை சொல்லுகிறேன் என்று அதன் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், நானும் தினமும் அதில்தான் இருக்கிறேன். ஆனால் 2020இல் இங்கிலாந்தில் நடந்தது ஞாபகம் இருக்கும். கோவிட் சோதனை முடிவுகளை ஆய்வகங்கள் அனுப்ப, பொதுச் சுகாதார அமைப்பு அதைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியது. பழைய வடிவம் 65,536 வரிசைக்கு மேல் தாங்காது. அதற்கு மேல் வந்ததெல்லாம் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் அன்றாடக் கணக்கில் வரவில்லை, அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமானது. அனுப்பியவர் சரியாக அனுப்பினார், பெற்றவர் சரியாகப் பெற்றதாக நினைத்தார். அனுப்பியது எத்தனை வரிசை என்று ஓர் எண்ணைக் கூடவே அனுப்பி, வந்து சேர்ந்தது எத்தனை என்று ஒருவர் எண்ணிப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். எங்கள் ஆலையில் கடைநிலை ஆபரேட்டர் அக்கா தட்டுகளைக் கைமாற்றும்போது அதைத்தான் செய்வார், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்.

மறுபடி என் மகளின் ஆறு. சரி செய்த பிறகு ஆசை வந்துவிட்டது, பழைய மழைப் பதிவுகளையும் கடல் ஏற்ற இறக்கப் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று. கீழ்ப்பகுதியில் நீர் வடிவது கடல் ஏற்றத்தைப் பொறுத்தது, இங்கே இருப்பவர்களுக்கு 2017 நவம்பர் 4, 5 வெள்ளத்துக்குப் பிறகு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. பழைய தாள்களில் மழை அங்குலத்தில் இருந்தது, அதை அவளே கவனித்துவிட்டாள், ஆற்றில் அடிபட்டவள் அல்லவா. அவள் கவனிக்காதது கடிகாரம். 1981 டிசம்பர் 31 இரவு எனக்கு எட்டு வயது. அப்பா பட்டர்வொர்த்தில் ரயில்வேயில் இருந்தார். இரவு பதினொன்றரைக்குச் சுவர்க் கடிகாரத்தை இறக்கி முள்ளைப் பன்னிரண்டுக்கு நகர்த்தி, "இன்னிக்கு அரை மணி நேரம் குறைச்சலா வாழ்ந்திருக்கோம்டா" என்றார். அதுவரை தீபகற்ப மலேசியா கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது, 1982 ஜனவரி 1 முதல் சபா சரவாக்கோடு சேர்ந்து எட்டு மணி நேரம். இந்தத் தலைமுறைக்கு அது தெரியாது. அதற்கு முந்தைய மணிவாரிப் பதிவுகளை இன்றைய பதிவுகளோடு வைத்துப் பார்த்தால் அரை மணி நேரம் விலகும். அதைவிடச் சங்கடம், தட்டச்சு செய்தவர் ஏற்கெனவே மாற்றிவிட்டாரா இல்லையா என்பது. மாற்றியதை மறுபடி மாற்றினால் எதிர்ப்பக்கம் அரை மணி. ஃபைலின் எந்த மூலையிலும் அதற்கு ஒரு வார்த்தை கிடையாது. தட்டச்சு செய்தவரைத் தேடினால் ஓய்வு பெற்றுவிட்டார். தொலைபேசியில் பிடித்தோம், பாவம், நல்ல மனிதர், "இருபது வருசத்துக்கு முன்ன செஞ்சது தம்பி, மாத்தின மாதிரிதான் ஞாபகம்" என்றார். 'மாதிரிதான் ஞாபகம்' என்பதை எந்தப் பத்தியில் போடுவது?

மழையில் இன்னொன்று. நம் நாட்டில் ஒரு நாள் மழை என்பது காலை எட்டு மணி முதல் மறுநாள் காலை எட்டு மணி வரை. ஐந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு வாளியில் இருக்கும் மழை நாலாம் தேதிக் கணக்கா ஐந்தாம் தேதிக் கணக்கா? நாலாம் தேதி இரவு முழுக்கக் கொட்டியிருந்தால் இந்த ஒரு கேள்வியில் வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா என்பதே மாறிப்போகும்.

எங்கள் தாத்தா லெபோ பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், சமையல்காரராக இருந்தவர். அவர் சொல்லி அப்பா சொல்லிக் கேட்டது. ஏஜெண்டு மூன்று வருடத்துக்கு ஒருவராக ஊரிலிருந்து வருவார், பழையவர் கப்பல் ஏறுவதற்கு முன்னால் புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து பேரேட்டை வரி வரியாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். யாருக்குக் கொடுத்தது, என்ன பிணை, அவன் எப்படிப்பட்டவன், எந்த மாதம் இழுப்பான் என்று எல்லாம் சொல்லி, ஐந்தொகை நேராகி, இருவரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் பழையவர் பெட்டியைக் கட்டுவார். அந்த நாட்களில் தாத்தாவுக்கு இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு மேல்தான், ஒப்படைப்பு முடியாமல் யாரும் பந்திக்கு வர மாட்டார்களாம். கணினியும் இல்லை ஒன்றும் இல்லை, ஆனால் போகிறவன் தலைக்குள் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று இருந்தது. எங்கள் ஆலையிலும் ஷிப்டு மாறும்போது பாஸ்டவுன் (அடுத்த ஷிப்டுக்கான ஒப்படைப்புக் குறிப்பு) எழுதாமல் யாரும் வெளியே போக முடியாது.

பல்கலைக்கழகத் திட்டங்களில் மாணவர்கள் வருடா வருடம் மாறுகிறார்கள். போகிறவன் ஒரு பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அதற்குள்ளே ஃபைனல், ஃபைனல்2, ஃபைனல்_பெத்துல், ஃபைனல்_பெத்துல்_ஞாயிறு. பெத்துல் என்றால் மலாயில் சரி, எது பெத்துல் என்று அவனுக்கே ஆறு மாதம் கழித்துத் தெரியாது. நிரல் எழுதுகிறவர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய 'கிட்' மாதிரி கருவிகள் யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார் என்று பதிந்து வைக்கும். இலவசம்தான். வேலைக்கு நேர்காணல் எடுக்கும்போது நான் பிள்ளைகளிடம் இதைத்தான் கேட்பேன்: நீ செய்த திட்டத்தை உன் கூட்டாளி அவன் வீட்டுக் கணினியில் நீ இல்லாமல் ஓட்ட முடியுமா? பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில்.

சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது. ஏன் செய்ய வேண்டும்? யார் மதிப்பெண் கொடுக்கிறார்கள்? பத்தி வாரியாக இது என்ன, எந்த அலகு, எந்தக் கருவி, எந்தக் கட்டம் ஏன் காலி, -99 என்று இருந்தால் அது அளவா, அளவு இல்லை என்பதற்கான குறியா என்று எழுதிவைக்க இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரத்தில் இன்னொருவன் வண்ண வண்ண வரைபடம் போட்டுக் கைதட்டல் வாங்கிவிடுவான். என் மகளின் திட்டத்தில் கடைசியில் அந்த வேலையைச் செய்தது களக் குழுவிலிருந்த ஒரு பெண். மூன்று ஃபைலையும் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் களக் குறிப்பேட்டைப் புரட்டி, நாலு பக்கத்துக்கு ஒரு விளக்கக் குறிப்பு எழுதினாள். அறிக்கையில் நன்றியுரையில் ஒரு வரி. ஆசிரியர் பட்டியலில் பெயர் இல்லை, 'அது எழுத்து வேலைதானே' என்றார்களாம். எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம், கடிதம் எழுதக் காரணமும் உண்மையில் இதுதான்.

பெரிய இடங்களில் இப்படி இல்லை. 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி செர்னின் இரண்டு ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 பேர் ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் அவர்களின் நிறுவனங்களும்தான். சிரிப்பாக இருக்கும், ஆனால் கருவியைப் பார்த்துக்கொண்டவரும் தரவைச் சுத்தம் செய்தவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். இன்னொன்று, 2024 வேதியியல் நோபல் பரிசில் பாதி, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் 'ஆல்ஃபாஃபோல்டு' என்ற செயற்கை நுண்ணறிவுக்காக இருவருக்குப் போனது. உங்கள் கட்டுரையிலும் அதைப் புகழ்ந்திருந்தீர்கள். அது எதைப் படித்துக் கற்றது? 1971இல் வெறும் ஏழு புரத வடிவங்களோடு தொடங்கிய 'புரோட்டீன் டேட்டா பேங்க்' என்ற பொதுக் களஞ்சியத்தை. ஐம்பது வருடமாக உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் தாங்கள் கண்டுபிடித்த வடிவங்களை ஒரே அமைப்பில் அதில் போட்டன, வந்ததைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்த ஆட்கள் இருந்தார்கள். அந்தக் குறிப்பு எழுதிகள் இல்லாவிட்டால் அந்த மென்பொருளுக்குத் தின்னச் சோறு இருந்திருக்காது.

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விரிவுரையாளர்கள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்று தெரியும். கூட்டுத் திட்டங்களில் பத்து மதிப்பெண்ணை ஒப்படைப்புக்கு என்று ஒதுக்குங்கள். வேறு குழு மாணவர் ஒருவரிடம் அந்த ஃபைலையும் குறிப்பையும் கொடுத்து, எழுதியவரைக் கூப்பிடாமல் அதே முடிவுக்கு வர முடிகிறதா என்று பாருங்கள், வந்தால் பத்து, வராவிட்டால் பூச்சியம். விளக்கக் குறிப்பு எழுதியவர் பெயரை ஆசிரியர் பட்டியலில் போடுங்கள். தமிழ்ப்பள்ளிகள் அறிவியல் போட்டிகளில் வெளிநாடு போய்ப் பதக்கம் வாங்கி வருவதைப் பார்த்துப் பெருமையாக இருக்கிறது, ஆனால் வருடத்துக்கு ஒரு புதுத் தலைப்பு, போன வருடத்துத் தலைப்பு அலமாரியில். இரண்டு பள்ளிகள் சேர்ந்து தினமும் காலை எட்டு மணிக்கு மழையை அளக்கலாம். ஒரே மாதிரிக் குவளை, ஒரே மாதிரித் தாள், அளந்த பிள்ளை பெயர், லீவு நாளில் அளக்கவில்லை என்றால் காலியாக விடாமல் 'அளக்கவில்லை' என்றே எழுத வேண்டும். ஆறாம் ஆண்டு முடிக்கிற பிள்ளை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஒப்படைத்துவிட்டுப் போகட்டும். குவளை நான் வாங்கித் தருகிறேன், எந்தப் பள்ளியாவது முன்வந்தால் உங்கள் அலுவலகம் வழியாகச் சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கட்டுரையோடு தொடக்கச் சம்பளம் என்று ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். எண்களுக்கு மேலே 'வெள்ளி' என்று மட்டும் இருந்தது. என் மனைவி ரிங்கிட் என்கிறாள், சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் என் தம்பி அது எங்கள் வெள்ளிதான் என்கிறான், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு வீடு வாங்கலாம். மாதத்துக்கா, வருடத்துக்கா, எந்த வருடத்துக் கணக்கு என்பதும் இல்லை. அடுத்த ஞாயிறு ஒரு வரி போட்டுவிடுங்கள், மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போய்வரும் நெடுநாள் வாசகன்,
பட்டர்வொர்த், பினாங்கு.